ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம்

அன்பு மகளுக்கு,

அப்பா தன் சொந்தக் கையால் எழுதும் முதல் கடிதம் இது. இதில் உள்ள ஒவ்வொரு எழுத்தும் நான் போட்டதுதான், யாரும் என் கையைப் பிடிக்கவில்லை. கடிதம் என்றால் முதலில் நலம் விசாரிக்க வேண்டும் என்று இங்கே வாத்தியாரம்மா சொல்லிக் கொடுத்திருக்கிறார். நலமா? நான் நலம். கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

உன் கடிதம் போன வாரம் வந்தது. வாத்தியாரம்மா படித்துக் காட்டினார். மாப்பிள்ளை வேலை மாற்றலாகி வெளியூர் போய்விட்டார், பேரன் விடுதியில் சேர்ந்துவிட்டான், ஓர் அறை சும்மா கிடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியோடு வந்து உங்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அறை சும்மா கிடந்தால் பழைய சாமான்களைப் போட்டு வை. நான் வரவில்லை. நீயும் வராதே. வேறு எந்த நாள் வந்தாலும் இந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் வராதே. ஏன் என்று சொல்கிறேன். மெதுவாகத்தான் சொல்ல முடியும், ஒரு வரிக்குக் கால் மணி நேரம் ஆகிறது.

முதலில் நான் இங்கே வந்து சேர்ந்த கதையே உனக்குச் சரியாகத் தெரியாது. பூங்கா வாசலில் ஒருவர் எல்லாருக்கும் ஒரு தாள் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒன்று கிடைத்தது. அதில் பத்துப் பதினைந்து பேர் குனிந்து மண்ணைத் தொடுவது போல ஒரு படம். படிக்கத் தெரிந்தவனாக இருந்தால் 'பூமித்தாயின் மடியில் கூடி வாழ்வோம்' என்று எழுதியிருந்ததைப் படித்திருப்பேன். நான் மண் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று நினைத்து, மறுநாளே மண்வெட்டியும் கூடையுமாக வந்து நின்றேன். வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினேன். போனை ஒரு பானைக்குள் போடச் சொன்னார்கள், போட்டேன். பிறகு எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து கண்ணை மூடினார்கள். நானும் மூடினேன். ரொம்ப நேரம் ஆச்சு. நான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "மேஸ்திரி யாருங்க? கைநாட்டு எங்கே வைக்கணும்?" என்று கேட்டேன். ஒருவர் கண்ணைத் திறக்காமலே சிரித்தார். வாத்தியாரம்மா மட்டும் எழுந்து வந்து, "கைநாட்டா? இனிமே அது வேண்டாம், நாளைக்கு என்கிட்ட வாங்க" என்றார். எழுபத்தொரு வயசில் நான் பலகை பிடித்தது அப்படித்தான்.

இங்கே தலைவர் ஒருவர் இருக்கிறார், ஐயா என்று கூப்பிடுகிறோம். முன்பு காப்பீட்டு அலுவலகத்தில் பெரிய பதவியில் இருந்தவர். புதிதாக வருகிறவர்கள் அவர் முன்னால் மண்டியிட்டு, பூமிக்குத் தாங்கள் செய்த தவறைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். என்னோடு சேர்ந்த ஒருவர், ஐம்பது வயசிருக்கும், பிளாஸ்டிக் பையில் குப்பை கட்டி எறிந்ததைச் சொல்லித் தேம்பித் தேம்பி அழுதார். அடுத்து நான். பொய் சொல்ல மனம் வரவில்லை. "நான் நாற்பத்திரண்டு வருஷமா பூமி மேல தார் ஊத்தி ரோலர் ஓட்டினேங்க" என்றேன். ஐயா என் கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "எவ்வளவு தூரம் போட்டிருப்பீங்க?" என்றார். "சேர்த்து வச்சுப் பாத்தா, இங்கேருந்து கடல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துடலாங்க" என்றேன். பின்னாலிருந்து யாரோ, "ரெண்டு பக்கமும் பாதை போட்டிருக்காரு" என்றார்கள். அன்றிலிருந்து எனக்குத் தார்ப் பெரியவர் என்று பேராகிவிட்டது. இங்கே மற்றவர்களுக்கெல்லாம் மழை, வேர், துளிர் என்று அழகழகாகப் பேர் இருக்கிறது.

அதோடு போயிருக்கலாம். நடுவில் ஒரு வட்டப் பாத்தி இருக்கிறது, அதைச் சுற்றித்தான் தியானம். ஒரு நாள் சாயங்காலம் ஐயா என்னிடம், "நாளைக்கு விதைக்கணும், நடுப்பாத்தியைச் சரி பண்ணி வைங்க" என்றார். நம்மை நம்பி ஒரு வேலை கொடுத்திருக்கிறாரே என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சரி பண்ணுவது என்றால் எனக்கு ஒரே வழிதான் தெரியும். கல்லைப் பொறுக்கினேன், மேடு பள்ளம் நிரவினேன், தண்ணீர் தெளித்தேன், ஒரு மரக்கட்டைக்குப் பிடி வைத்து இடி இடி என்று இடித்தேன், மழைத் தண்ணீர் நிற்காமல் ஓட இரண்டு பக்கமும் சரிவு வேறு கொடுத்தேன். உன் அம்மா பார்த்திருந்தால் தட்டிப் பார்த்துவிட்டு, "ம், லாரி போகலாம்" என்று சொல்லியிருப்பாள். காலையில் எல்லாரும் கையில் விதையோடு பாடிக்கொண்டு வந்தார்கள். ஐயா முதல் பிடியைத் தூவினார். விதை துள்ளித் துள்ளிச் சரிவில் உருண்டு வந்து எல்லார் காலடியிலும் சேர்ந்தது. ஐயா குச்சியை ஊன்றிப் பார்த்தார், குச்சி முறிந்தது. "பெரியவரே, மண்ணுக்கு மூச்சு முட்டுமே!" என்றார். "ஒரு சொட்டுத் தண்ணி உள்ளே போகாதுங்க, நான் உத்தரவாதம்" என்றேன். நான் ஏதோ பாராட்டு என்று நினைத்துவிட்டேன், என்ன செய்வது.

தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பாத்தியை நானே கையால் உடைத்து, ஒவ்வொரு கட்டியிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார்கள். நாலு நாள் ஆனது. கட்டியிடம் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்ததும் எனக்கு உன் அம்மா ஞாபகம் வந்துவிட்டது. அவள் ஜல்லிக் கூடை சுமக்க வந்த முதல் நாள் நான் ரோலரில் துணையாளாக இருந்தேன். "ஏ ரோலர்காரரே, இங்கே காலும் கையும் இருக்கு, பாத்து ஓட்டுங்க" என்று கத்தினாள். மத்தியானத்தில் ரோலர் நிழல்தான் நிழல், அவளுக்காக வண்டியைத் திருப்பித் திருப்பி நிறுத்துவேன். சாயங்காலம் மண்ணெண்ணெய் தொட்டுக் கையில் ஒட்டிய தாரைத் துடைப்பாள், அப்போதும் விரல் இடுக்கில் கொஞ்சம் இருக்கும். பிறகு நீ பிறந்தாய். மரக்கிளையில் துணி கட்டி உன்னைப் போட்டிருப்போம். ரோலர் ஓடினால் தூங்குவாய், நின்றால் வீறிட்டு அழுவாய். மேஸ்திரி வந்து, "என்னய்யா, உருட்டின இடத்தையே உருட்டிக்கிட்டு இருக்கே?" என்பார். "இன்னும் அமுங்கலீங்க" என்பேன். உன் அம்மா கூடையோடு அந்தப் பக்கம் திரும்பிச் சிரிப்பாள். நீ தூங்கி எழுந்திருக்கும்வரை உருட்டின ஒரு தெரு இருக்கு, இன்னிக்கு வரைக்கும் அதுல ஒரு குழி விழல. இதையெல்லாம் நான் பூமிகிட்டச் சொன்னேன். மன்னிப்பு எங்கே போச்சோ தெரியல, நாலு நாளும் பேசிக்கிட்டே இருந்தேன். பாத்தி நல்லா மெத்துனு ஆயிடுச்சு. இப்போ முளை விட்டிருக்கு.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அன்றைக்கு எனக்கு இங்கே மூன்று மாதம் முடிகிறது. எல்லாரும் வட்டமாக நிற்பார்கள். என்னை ஏற்றுக்கொள்கிறவர் என் கையில் ஒரு பிடி மண் வைப்பார். ஒருவர் வைக்காவிட்டாலும் நான் கிளம்ப வேண்டியதுதான். எல்லாரும் வைத்தால் எனக்கும் ஒரு பேர் கிடைக்கும். அன்று சொந்தக்காரர் யாரும் வாசலில் நிற்கக் கூடாது, நின்றால் மனசு இன்னும் வெளியே இருக்கிறது என்று கணக்காம். ஐயா ஏற்கெனவே என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார். நீ வேறு வண்டியோடு வந்து ஹாரன் அடித்தால் என் கதை முடிந்தது. உன் வீட்டில் எனக்கு என்னம்மா வேலை? எட்டாவது மாடியில் சோபாவில் உட்கார்ந்து, அந்தப் பக்கம் ஒரு சுவர், இந்தப் பக்கம் ஒரு டிவி. இங்கே நான் உடைத்த மண்ணில் நான் போட்ட விதை முளைக்கிறது, எழுத ஒரு பலகை இருக்கிறது, திட்டினாலும் கூப்பிட்டுத் திட்ட நாலு பேர் இருக்கிறார்கள். ஆகையால் வராதே. இது அப்பாவின் முடிவான முடிவு.

மாப்பிள்ளைக்கும் பேரனுக்கும் என் ஆசிகளைப் பங்கு போட்டு அனுப்பு. உனக்கு மீதி முழுவதும். நீ நூறு வருஷம் நோய் நொடியில்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
இனிமேல் கைநாட்டு வைக்காத
உன் அப்பா

பி.கு.: இதை எழுதி முடிக்க ஆறு நாள் ஆனது. எழுதத்தான் வந்துவிட்டதே, படிக்கவும் வருகிறதா பார்ப்போம் என்று நேற்று உன் கடிதத்தை எடுத்து நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். நாலாவது வரியில் நின்றுவிட்டேன். 'தினமும் காய்காரம்மா வந்தால் பேசுவதற்காகவே அரைக் கிலோ வாங்குகிறேன் அப்பா, சமைப்பதில்லை' என்று எழுதியிருக்கிறாய். வாத்தியாரம்மாவிடம் ஓடிப்போய், "இதை ஏன் எனக்குப் படிச்சுக் காட்டல?" என்று சண்டை பிடித்தேன். "படிச்சேனே பெரியவரே, நீங்கதான் தலையாட்டிட்டு அடுத்த வரிக்குப் போகச் சொன்னீங்க" என்றார். அவர் படிக்கும் வேகத்தில் அது என் காதில் ஏறவில்லை. நான் படிக்கும் வேகத்தில் அந்த ஒரு வரியில் அரை மணி நேரம் இருந்தேன். நீ எனக்காக என்னைக் கூப்பிடவில்லை என்பது அப்புறம்தான் புரிந்தது. நான் மகள் வீட்டுக்குக் கிளம்புகிறேன் என்று ஐயாவிடம் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வா. வாசலிலேயே நில், ஹாரன் அடி. மேலே எத்தனை இடத்தில் வராதே என்று எழுதியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்து அடித்துவிடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஒவ்வொன்றும் எவ்வளவு பாடுபட்டுப் போட்ட எழுத்தும்மா, எனக்கு மனசு வரல. நீயே அடிச்சுக்கோ.