தெரு கத்தினால் ஓடும் மோட்டார்

"ஏங்க, இன்னைக்கு உங்க பெட்டி பாஸாகலைன்னா, சாயங்காலம் பழைய இரும்புக்காரன் வண்டி வாசலுக்கு வந்துடும். சொல்லிட்டேன்!"

புஷ்பலதா சொன்னது காதில் விழாத மாதிரி ராஜரத்தினம் தம் கண்டுபிடிப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். யாங்கோன் நகரத்துப் பசுந்தாங் பேட்டையில் அந்த மூன்றாம் மாடி வீட்டில் மனிதர்கள் இரண்டு பேர்; மற்றதெல்லாம் சாமான். கட்டிலில் ஒரு டைனமோ சுகமாகப் படுத்திருந்தது; புருஷனும் பெண்டாட்டியும் தரையில் படுத்தார்கள். பூஜை அலமாரியில்கூட இரண்டு கெப்பாசிட்டருக்கு நடுவே முருகன் வேலை இடுக்கிக்கொண்டு ஒண்டியிருந்தார்.

பெட்டி பாஸானால் வட்டாரப் புத்தாக்க மையத்தில் ராஜரத்தினத்துக்கு ஓர் அறை கிடைக்கும். சாமான் மொத்தமும் அங்கே குடிபோகும். இல்லாவிட்டால் எடைக்குப் போகும்.

துடைத்துக்கொண்டே வந்தவர் கண்ணில் ஒன்று உறுத்தியது. தண்ணீர் மோட்டாரின் வயர் பெட்டியில் இல்லை; சுவர் பிளக்கில் சொருகியிருந்தது.

"பெருக்கும்போது மாத்திச் சொருகிட்டா போல" என்று முணுமுணுத்து, அதைப் பிடுங்கிப் பெட்டியில் சொருகினார்.

பெட்டியின் மகிமை இதுதான். யாங்கோனில் கரண்டு எப்போது வரும், எப்போது போகும் என்பது கரண்டுக்கே தெரியாது. ஆனால் வந்துவிட்டால், "மீ லாபி!" என்று தெருவே பர்மிய மொழியில் கூவும். கரண்டு வந்ததைக் கொண்டாடும் அந்தக் கூச்சலில் ஓடைப் படகுகள் தாமாகக் கரை ஒதுங்கும். அடுத்த பேட்டைக் காக்கைகள் ஊரின் மறுகோடியில் க்யிம்யிண்டைங் வரை போய்த்தான் உட்காரும். அந்தக் கூச்சலைக் கேட்டதும் பெட்டி மோட்டாரை ஓட்டிவிடும், தொட்டி நிரம்பிவிடும். போன மழைக்காலத்திலிருந்து ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

தேர்வுக் குழுத் தலைவி டாக்டர் ஜூடித், தின்கன்ஜூனிலிருந்து டாக்ஸியில் வந்து, மூன்று மாடி ஏறி, உட்கார நாற்காலி தேடிக் கிடைக்காமல் ஒரு டிரான்ஸ்ஃபார்மர்மேல் உட்கார்ந்தார்.

"தொழில்நுட்பம், ஆராய்ச்சி, கூட்டு முயற்சி, மூணும் இருக்கணும். அதான் எங்க விதி. உங்ககிட்ட எப்படி, ஊ ராஜரத்தினம்?" என்று பர்மிய மரியாதைப்படி பேருக்கு முன்னால் 'ஊ' போட்டுக் கேட்டார்.

"தொழில்நுட்பம் இந்தப் பெட்டி. ஆராய்ச்சி நான். கூட்டு முயற்சி, கீழே இருக்கிற இந்தத் தெரு!"

ஜூடித் பூரித்துப்போனார். "ஒரு தெருவே பங்காளியா இருக்கிற திட்டத்தை நான் பார்த்ததே இல்லை!"

அந்த நேரம் பார்த்துப் பெட்டியின் தலையில் ஒரு பச்சை விளக்கு எரிந்தது.

"இது என்ன?"

"கரண்டு வந்துடுச்சு டாக்டர்!"

"மோட்டார் ஓடலையே?"

"தெரு கத்தணும். இப்பக் கத்தும் பாருங்க."

தெரு கத்தவில்லை. கீழே டீக்கடையில் முத்து முகம்மது நிதானமாகப் பால் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். ஒரு நாய் கொட்டாவி விட்டது. அது மூன்றாம் மாடி வரை கேட்டது.

ஜூடித் பச்சை விளக்கையே பார்த்தார். "கரண்டு வந்தா இது எரியுதே. மோட்டாரை இந்த விளக்கோடவே சேர்த்துட்டா என்ன?"

"அதுல என்ன டாக்டர் ஆராய்ச்சி இருக்கு?"

ராஜரத்தினம் பால்கனிக்கு ஓடி, அடிவயிற்றிலிருந்து, "மீ லாபி!" என்று அலறினார். பெட்டி அசையவில்லை.

"ஒத்தை ஆள் கத்தினா ஏமாறாது டாக்டர். தெரு மொத்தமும் கத்தணும். அதான் இதோட தனிச்சிறப்பு."

"தனிச்சிறப்பு நல்லா வேலை செய்யுது" என்றாள் அடுப்படியிலிருந்து புஷ்பலதா. "இரும்புக்காரனுக்குப் போன் போடவா?"

அவ்வளவுதான். கொடியில் கிடந்த சிவப்புத் துண்டை உருவி, தெருவைக் கத்தச் சொல்லி ஆட்டிக்கொண்டே ராஜரத்தினம் பால்கனியில் குதித்தார். குதித்த குதியில் குரல் எங்கோ போய்விட்டது. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. பின்னாலிருந்து புஷ்பலதாவின் மிளகாய்த் தாளிப்புப் புகை குபுகுபுவென்று கிளம்பி அவரைச் சூழ்ந்தது.

தெரு அண்ணாந்து பார்த்தது. புகை. சிவப்பு. நடுவில் ஒரு மனிதன் துள்ளுகிறான்.

"தீ! தீ!"

கோடைக்காலம். தீப்பிடித்தால் அணைக்க வாசலுக்கு வாசல் தண்ணீர்ப் பைகள் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அத்தனையும் கழன்று மாடிப்படி ஏறின. கோடைக்காலம் தொடங்கியதிலிருந்து எறிய ஒரு சந்தர்ப்பம் கிடைக்காதா என்று ஏங்கிக் கிடந்த ஜனங்கள் அல்லவா! குறி பார்க்கவில்லை. முதல் பை பெட்டிமேல் வெடித்தது. இரண்டாவது முருகனுக்கு அபிஷேகம். மூன்றாவது டாக்டர் ஜூடித்தின் மூக்குக்கண்ணாடியை டைனமோவின் மடியில் கொண்டுபோய்ச் சேர்த்தது. தெரு மொத்தமும் வீட்டுக்குள் நின்று தொண்டை கிழியக் கத்தியது. ஆனால் பெட்டிக்குத் 'தீ' பழக்கமில்லை. பச்சை விளக்கு இரண்டு தரம் விக்கிவிட்டுக் கண்ணை மூடியது.

"ஐயோ, தீயில்ல!" ராஜரத்தினத்துக்குக் குரல் திரும்பி வந்தது. "கத்தச் சொன்னேன்யா! கரண்டு வந்து எவ்வளவு நேரமாச்சு! தினம் தினம் கூரை பிளக்கக் கத்துவீங்களே, இன்னைக்குன்னு பார்த்து என்ன கேடு?"

"கரண்டு வந்துடுச்சா?" என்று கூட்டத்தில் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஜூடித் கண்ணாடியைத் தேடி எடுத்து, சேலை முனையைப் பிழிந்துகொண்டே, காலிப் பையோடு முன்னால் நின்ற முத்து முகம்மதிடம் கேட்டார்: "நானும் அதைத்தான் கேட்கிறேன் பாய். ஏன் யாருமே கத்தலை?"

கூட்டத்தைப் பார்க்க வந்து நின்ற புஷ்பலதா சத்தமில்லாமல் மறுபடி அடுப்படிக்குள் நழுவினாள்.

"நல்லாக் கேட்டீங்க டாக்டரம்மா!" என்றார் முத்து முகம்மது. " இப்ப வீட்டுக்கு வீடு சோலார் லைட்டு, பேட்டரி ஃபேன். கரண்டு வந்தது எவனுக்குத் தெரியும்? புஷ்பாக்கா அந்த மோட்டாரை நேரா சுவத்துல சொருகி வெச்சிருப்பாங்க. கரண்டு வந்தா அது தடதடன்னு ஓடும். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தானே இத்தனை நாளா நாங்க கத்துறோம்! இன்னைக்கு எந்தப் புண்ணியவான் அந்த வயரைப் புடுங்கினான்?"