செபமாலையரின் கே எழுத்து

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இருபத்திரண்டாவது வயதில் நான் ஒரு மனிதருடைய வியாபாரத்தை, அவர் ஊரில் இல்லாத நேரம் பார்த்து, ஓர் எழுத்துப்பிழைகூட இல்லாமல் கிட்டத்தட்ட நாசம் செய்தேன். கெட்ட எண்ணம் எதுவும் இருக்கவில்லை. (இருந்திருந்தால் இவ்வளவு கச்சிதமாகச் செய்திருக்க முடியாது.)

முப்பதுகளின் நடுப்பகுதி அது. அரியாலையிலிருந்து யாழ்ப்பாணப் பட்டணத்துக்குப் போய், ஒரு மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்கு இங்கிலீசு படிப்பித்துக்கொண்டிருந்தேன். சீனியர் பரீட்சையில் இங்கிலீசுக்கு நல்ல புள்ளி வாங்கியவள் என்று எங்கள் பெரிய மிஸ் (அவர் சீமையிலிருந்து வந்த வெள்ளைக்காரி) ஒருமுறை யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்துவிட்டது. அன்று முதல் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. தெருவில் கடைப் பலகைகளைப் பார்த்தபடி நடப்பேன். எங்காவது ஓர் எழுத்துப் பிசகியிருந்தால் கடைக்குள் ஏறி முதலாளியிடம் சொல்லிவிட்டுத்தான் இறங்குவேன். ஒரு சலூன்காரர் என்னைத் தூரத்தில் கண்டாலே கதவைச் சாத்துவார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அம்மாவின் தம்பி, எங்கள் அம்மான், பட்டணத்தில் ஒரு சின்ன அச்சுக்கூடம் வைத்திருந்தார். அவருக்குக் கண்ணில் புரை விழத் தொடங்கியிருந்தது. தமிழ் வேலைகளைத் தாளை மூக்கோடு ஒட்டிப் பிடித்தாவது பார்த்துவிடுவார். இங்கிலீசு வேலை வந்தால், “பள்ளிக்கூடம் விட்டுப் போகேக்கை ஒருக்கா எட்டிப்பார் பிள்ளை” என்று சொல்லி அனுப்புவார். நான் போய் அச்சுப் பிழை பார்த்துக் கையெழுத்து வைப்பேன். ஒரு சதம் வாங்குவதில்லை. பிழை கண்டுபிடிக்கிற சந்தோஷமே எனக்குப் போதுமானதாக இருந்தது.

அங்கேதான் செபமாலையருடைய தாள் என் கைக்கு வந்தது.

செபமாலையர் குருநகர்க்காரர். சிங்கப்பூரில் ஒரு பெரிய கடையில் பதினைந்து வருஷம் சாமான் அடுக்கிவிட்டு ஊருக்குத் திரும்பியவர். திரும்பும்போது ஒரு யோசனையையும் கொண்டுவந்திருந்தார். பித்தளைச் சாமான் துலக்க ஒரு பொடி. எங்கள் வீடுகளில் அதற்குப் புளியும் சாம்பலும் இருக்கின்றன. அவருடைய கண் கொழும்பில் இருக்கிற பங்களாக்களின் மேல் இருந்தது. பொடியில் என்னென்ன சேருகிறது என்பதை அவர் உயிர் போனாலும் வெளியே சொல்லமாட்டார். தன் மனைவி மரியம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை என்பார். (மரியம்மாதான் இடித்துக் கொடுத்தது.)

அந்தப் பொடிக்கு அவர் வைத்த பெயர் ‘குவிக் பிறைற்’. சட்டென்று பளபளக்கும் என்று பொருள். நல்ல பெயர்தான். ஆனால் அவர் பென்சிலால் பெரிதாக எழுதித் தந்திருந்ததைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குவிக் என்பதற்கு கே, டபிள்யூ, ஐ, கே. பிறைற் என்பதற்கு பீ, ஆர், ஐ, ரீ, ஈ: KWIK BRITE. கீழே தமிழில் ஒரு வரி எழுதி, இரண்டு கோடு இழுத்திருந்தார்: எழுத்து மாறக் கூடாது.

அதை நான் எப்படி விளங்கிக்கொண்டேன் தெரியுமா? அச்செழுத்தின் வடிவம் மாறக் கூடாது, எல்லாம் ஒரே மாதிரி எழுத்தில் அடிக்க வேண்டும் என்று அச்சுக்கூடத்துக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பாவம், சாமான் அடுக்கிய மனிதர், காதால் கேட்டதைக் கையால் எழுதியிருக்கிறார், சபையில் அவமானப்படாமல் காப்பாற்றுவது என் கடமை என்று முடிவு செய்தேன். குவிக்குக்கு கியூவும் யூவும் போட்டேன். பிறைற்றுக்கு நடுவில் வாய் திறக்காத அந்த ஜீயையும் எச்சையும் கூட்டிவந்து உட்காரவைத்தேன்.

அச்சுக் கோர்க்கிற நாகமுத்து அண்ணை தலையைச் சொறிந்தார்.

“தங்கச்சி, அந்தாள் உப்பிடி எழுதித் தரேல்லையே?”

“அவருக்குத் தெரியாது அண்ணை. எனக்குத் தெரியும்.”

“பெரிய மரஎழுத்திலை கியூ ஒண்டுதான் கிடக்கு. அதுவும் வேறை செற். வால் கொஞ்சம் நீளம்.”

“காரியமில்லை, போடுங்கோ.”

செபமாலையரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவர் ஏதோ அலுவலாகக் கொழும்புக்குப் போயிருந்தார். லேபிள் அடித்து முடிந்ததும் மரியம்மா வந்து வாங்கிக்கொண்டு போனார். அவருக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாது. மஞ்சளும் சிவப்புமாக இருக்கிறது, நல்ல வடிவு என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த மாதம் பட்டணத்தில் ஒரு கைத்தொழிற் கண்காட்சி நடந்தது. பாய், பெட்டி, சுருட்டு, தும்புக்கயிறு எல்லாம் மேசை மேசையாக வைத்திருந்தார்கள். கச்சேரித் துரை (அரசாங்க அலுவலகத்து வெள்ளைக்கார அதிகாரி) ஒருவர் சுற்றிப் பார்த்து, நல்ல பொருளுக்கு அத்தாட்சிப் பத்திரம் கொடுப்பார் என்று சொன்னார்கள். நான் என் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். பார்த்ததைப் பற்றி இங்கிலீசில் கட்டுரை எழுத வேண்டும் என்று சொல்லி ஆளுக்கொரு கொப்பியும் பென்சிலும் கொண்டுவரச் செய்திருந்தேன். பெரிய மிஸ்ஸும் குடையோடு வந்திருந்தார்.

செபமாலையருடைய மேசையில் தகரப்பேணிகள் கோபுரமாக அடுக்கியிருந்தன. பக்கத்தில் பளபளவென்று இரண்டு மெழுகுதிரித் தண்டுகள். மரியம்மா வெள்ளைச் சேலை உடுத்து நின்றார். நான் வேண்டுமென்றே பெரிய மிஸ்ஸை அந்தப் பக்கமாகக் கூட்டிவந்தேன். அவர் பேணியைப் பார்த்து, ஊர்ச் சாமானில் இவ்வளவு சுத்தமான இங்கிலீசா என்று கேட்பார், நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, அது நான்தான் என்று சொல்வேன். அந்த இடத்தை மனசுக்குள் இரண்டு தடவை ஒத்திகை பார்த்தும் வைத்திருந்தேன்.

அப்போதுதான் செபமாலையர் வந்தார். ஸ்டேசனில் கொழும்புக் கோச்சியால் இறங்கிய கையோடு, பையும் தூக்கிக்கொண்டு நேரே வந்திருந்தார். சிரித்த முகத்தோடு வந்தவர் மேசைக்கு ஒரு முழம் தள்ளி நின்றுவிட்டார். ஒரு பேணியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். வைத்தார். அடியிலிருந்து இன்னொன்றை உருவிப் பார்த்தார். ஒன்றிலாவது சரியாக இருக்குமோ என்று ஐந்தாறு பேணிகளைப் பார்த்தபிறகு, அச்சுக்கூடத்து அம்மானுடைய மருமகள் என்று என்னை அடையாளம் கண்டு, மெதுவாகக் கேட்டார்.

“பிள்ளை, என்ரை கே எங்கை?”

“எந்தக் கே, ஐயா?”

“முன்னுக்கு நிண்ட கே. அதுக்குப் பக்கத்திலை டபிள்யூ ஒண்டு.”

“அது பிழை ஐயா. நான் திருத்திவிட்டனான். கடைசிக் கேயை அப்பிடியே விட்டிருக்கிறன், பாருங்கோ.”

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். பையைத் திறந்து, மடித்த ஒரு கடதாசியை எடுத்து விரித்தார். முத்திரை குத்திய கடதாசி. அதில் அவருடைய கேயும் டபிள்யூவும் தடித்த எழுத்தில் நின்றன.

“கொழும்பிலை பிறக்கிராசியார் சட்டப் புத்தகம் பாத்துச் சொன்னவர் பிள்ளை. குவிக், பிறைற் எல்லாம் ஊர் முழுக்கக் கதைக்கிற சொல்லு. அதை ஒருத்தரும் தன்ரை எண்டு ரெஜிஸ்தர் பண்ணேலாது. பிழையா எழுதினாத்தான் எனக்குச் சொந்தம். சிங்கப்பூரிலை போத்தில் போத்திலாப் பாத்து, எந்தப் பிழை வடிவாயிருக்கும் எண்டு நான் மூண்டு மாதம் யோசிச்சுப் பிடிச்சது.”

எனக்கு வெட்கம் ஒரு பக்கம், அதைவிடப் பெரிய ஆச்சரியம் இன்னொரு பக்கம். சரியாக எழுதினால் எல்லோருக்கும் பொது, பிழையாக எழுதினால் சொந்தம். இப்படி ஒரு நியாயம் உலகத்தில் இருக்கிறதென்று எந்த இலக்கணப் புத்தகத்திலும் எனக்கு யாரும் சொல்லவில்லை.

மரியம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ரெண்டு கிழமையா இருந்து ஒட்டினனான். முழுக்கப் பிழையோ?”

“முழுக்கச் சரியடியப்பா,” என்றார் செபமாலையர். “அதுதான் பிழை.”

கொழும்பில் ஒரு வியாபாரி, அரசாங்க ஆள் கொடுத்த அத்தாட்சிப் பத்திரம் இருந்தால் சரக்கு எடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறாராம். பதிந்த பெயரும் பத்திரத்தில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். அவர் இதைச் சொல்லி முடிப்பதற்குள் துரை பக்கத்து மேசைக்கு வந்துவிட்டார். பின்னால் ஒரு கிளாக்கர் பேனையும் தாளுமாகப் பொருள்களின் பெயரை எழுதிக்கொண்டு வந்தார்.

துரை எங்கள் மேசைக்கு வந்து பொடியைத் தொட்டுத் தன் கைத்தடியின் பித்தளைப் பூணில் தேய்த்துப் பார்த்தார். பூண் பளபளத்தது. தலையாட்டினார். கிளாக்கர் பேணியைப் பார்த்து கியூ என்று தொடங்கினார்.

“மன்னிக்க வேண்டும், அது பிழை,” என்று இங்கிலீசில் ஒரு குரல் கேட்டது. என்னுடைய குரல்தான்.

துரை திரும்பினார். “எது பிழை?”

“பேணியில் இருக்கும் பெயர். அச்சுக்கூடத்தின் தவறு.”

அவர் பேணியைக் கிட்டப் பிடித்து வாசித்தார். “எனக்குச் சரியாகத்தானே தெரிகிறது. நீங்கள் எப்படி எழுதுவீர்கள்?”

என் வலப்பக்கம் பெரிய மிஸ். இடப்பக்கம் என் வகுப்புப் பிள்ளைகள், கையில் கொப்பி. நேற்றுத்தான் ஓர் எழுத்து விட்டதற்காக ஒருத்தியை இருபது தடவை எழுதவைத்திருந்தேன். அவள் முன்வரிசையில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். செபமாலையர் அந்தக் கடதாசியை நெஞ்சோடு பிடித்தபடி நின்றார்.

“கே, டபிள்யூ, ஐ, கே,” என்றேன். “பீ, ஆர், ஐ, ரீ, ஈ.”

துரை என்னை இரக்கத்தோடு பார்த்தார். “நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?”

“இங்கிலீசு படிப்பிக்கிறேன்.”

பெரிய மிஸ்ஸின் குடை நழுவிக் கீழே விழுந்தது. எடுத்துக் கொடுக்க நான் குனிந்தபோது, அப்படியே நிமிராமல் வீட்டுக்குப் போக வழி இருக்கிறதா என்று யோசித்தேன். மேலே பென்சில்கள் கொப்பிகளில் உரசும் சத்தம் கேட்டது. ரீச்சர் சொன்னதை எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

செபமாலையர் முன்னுக்கு வந்து கடதாசியை நீட்டினார். துரை வாசித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். பிறகு கிளாக்கரிடம், இந்த அம்மா சொன்னபடி எழுது என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். பொடிக்கு இரண்டாம் தர அத்தாட்சிப் பத்திரம் கிடைத்தது. பின்னேரம் அதை வாங்கி மூன்று பேரும் ஒன்றாகக் குனிந்து பார்த்தோம். பாவம் அந்தக் கிளாக்கர். அவரும் என்னைப்போல நன்றாகப் படித்தவர்போலிருக்கிறது. முழுப்பிழை விட அவருக்கு மனம் வரவில்லை. கே, டபிள்யூ, ஐ வரைக்கும் எழுதிவிட்டு, கடைசிக் கே எழுத்துக்கு முன்னால் ஒரு சீயைச் சேர்த்திருந்தார். பேணியில் ஒரு பெயர், பதிவில் ஒரு பெயர், பத்திரத்தில் மூன்றாவது பெயர்.

செபமாலையர் அதை மடித்துப் பையில் வைத்தார். “இனி இதையும் ரெஜிஸ்தர் பண்ணத்தான் வேணும் போலை கிடக்கு,” என்றார். மரியம்மாதான் முதலில் சிரித்தது. பிறகு அவரும் சிரித்தார். எனக்கு அழுகைதான் வந்தது.

அம்மானிடம் போய் நடந்ததைச் சொன்னேன். “அச்சுக்கூடத்திலை பிழை விட்டா மன்னிப்புக் கேக்கலாம் பிள்ளை. சரியா அடிச்சதுக்கு நான் என்னெண்டு போய்க் கேக்கிறது?” என்றார். கேட்கத்தான் செய்தார். பெயரை மறைத்து ஒட்டச் சின்னத் துண்டுகள் அடித்துக் கொடுத்தார். நான் மூன்று சனிக்கிழமை குருநகருக்குப் போய் மரியம்மாவோடு இருந்து ஒட்டினேன். கோதுமைமாப் பசை விரலில் காயக் காய, அவர் எனக்குத் தேத்தண்ணி தந்து, கச்சேரித் துரையின் முகத்தை நடித்துக் காட்டிக்கொண்டிருப்பார். கொழும்பு வியாபாரி கடிதம் மேல் கடிதம் எழுதிக் கடைசியில் அந்தச் சீயை மன்னித்துச் சரக்கு எடுத்தார். யுத்தம் வந்து தகரம் கிடைக்காமல் போகும்வரை அந்தப் பொடி ஓடியது. மழைக்காலத்தில் சில பேணிகளில் துண்டு கழன்று, அடியிலிருந்து என் சுத்தமான இங்கிலீசு எட்டிப் பார்க்கும் என்று கேள்வி.

பள்ளிக்கூடத்தில் அடுத்த கிழமை கட்டுரைக் கொப்பிகள் வந்தன. வகுப்பு முழுக்க கே, டபிள்யூ, ஐ, கே. ஒருத்திக்கும் பிழை போட எனக்குக் கை வரவில்லை. பெரிய மிஸ் கூப்பிட்டு விளக்கம் கேட்டார். சொன்னேன். யோசித்துவிட்டு, தன் மேசைமேல் இருந்த பித்தளை மணிக்கு ஒரு பேணி வாங்கி வரும்படியும், ஆனால் லேபிளை உரித்துவிட்டுக் கொண்டுவரும்படியும் சொன்னார்.

அதன்பிறகு கடைகளுக்குள் ஏறிப் பிழை சொல்வதை விட்டுவிட்டேன். பலகைகளைப் பார்ப்பதை மட்டும் விடவில்லை. முன்பு சிரித்த இடத்தில் இப்போது நின்று யோசிப்பேன். இருமல் மருந்துப் போத்திலில் இருமலுக்கான சொல்லை கேயில் தொடங்கியிருப்பான். ஒரு விளக்குத் திரிப் பெட்டியில் ராத்திரிக்கான சொல்லிலிருந்த ஜீயும் எச்சும் போய்விட்டிருக்கும். இது தெரியாமல் விட்டதா, தெரிந்து விட்டதா, எத்தனை மாதம் யோசித்திருப்பான் என்று கொப்பியில் குறித்துக்கொள்வேன். அந்தக் கொப்பி நிரம்பி, இரண்டாவதும் நிரம்பியது. இதைக் கேள்விப்பட்டும் என்னைக் கல்யாணம் செய்யச் சம்மதித்த மனிதர் நல்லவர்.

கதையை ஊர் முழுக்கப் பரப்பியது அம்மான். அவருக்குக் கண் சத்திரசிகிச்சை முடிந்து பார்வை திரும்பியபிறகு சொல்லுகிற உற்சாகமும் கூடிவிட்டது. இப்போது எங்கள் வீட்டில் யாரும் பிழை விடுவதில்லை. சொதியில் உப்புக் கூடினால் அது ரெஜிஸ்தர் பண்ணின சொதி. கட்டில் கால் ஒன்று கட்டையாக இருந்தால் அதுவும் ரெஜிஸ்தர் பண்ணினது. போன வருஷம் கொழும்பில் படிக்கிற என் மகன் இங்கிலீசில் ஒரு கடிதம் போட்டிருந்தான். பழக்கதோஷத்தில் பதினொரு பிழைகளுக்கும் கோடு போட்டு, சரியான எழுத்தைப் பக்கத்தில் எழுதித் திருப்பி அனுப்பினேன். ஒரு தபாலட்டையில் ஒரே வரியில் பதில் வந்தது:

“அம்மா, பதினொண்டும் என்ரை சொந்தம்.”