தேசிக்காயில் வடிந்த இரத்தம்

உப்புவெளியில் ஒரு சாமி இறங்கியிருக்கிறார். பெயர் கட்டவிழ்ப்புச் சாமி. உடம்பில் எங்கே இரத்தம் கட்டினாலும் தேசிக்காயால் இறக்கிவிடுவாராம். கட்டைபறிச்சானிலிருந்து படகேறி வருகிறார்கள். அன்புவழிபுரத்திலிருந்து ஓட்டோ பிடித்து வருகிறார்கள். கிண்ணியா மஹ்ரூப் காக்கா மனைவி ஸாலிஹாவோடு வந்து, “நமக்கு இதில நம்பிக்க இல்ல, சும்மா பாக்கத்தான் வந்த” என்கிறார், வரிசையில் இடத்தை விடாமல். எந்தத் தேர்தலும் கொண்டுவராத ஒற்றுமையை அந்த வாசல் கொண்டுவந்துவிட்டது.

வரிசையில் என் அம்மா இரத்தினேஸ்வரியும் இருந்தார். கர்ப்பப்பையில் புற்றுநோய். மருந்து ஏற்றிக்கொண்டிருந்த நேரத்தில் இடது கால் வீங்கிச் சிவந்தது. ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று டோஹாவிலிருந்து நான் போனில் கத்தினேன்.

“புத்து வந்தது வயித்தில, தம்பி. வீங்கினது கால். இது வேற வருத்தம். ஆரோ செய்வினை செய்து கட்டு வச்சிட்டினம். சாமி பாத்த உடன சொல்லிட்டார்” என்றார் அம்மா.

சொல்லமாட்டாரா? அவரிடம் யார் போனாலும் ஒரே வருத்தம்தானே! கட்டு முழுதாக இறங்கும்வரை ஆஸ்பத்திரி ஊசி உடம்பில் ஏறக்கூடாது என்பது சாமியின் சட்டம். அம்மாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. கட்டு அவிழும்போது அப்படித்தான் இருக்குமாம்.

தங்கை தேனுகா அழுதாள். அம்மாவின் அண்ணன் கதிரவேல் மாமா அழவில்லை. “நானும் வாறன். எனக்கும் கால் வருத்தம்தானே” என்று ஓட்டோவில் ஏறினார். தேனுகா வீடியோ அழைப்பில் எனக்கு எல்லாவற்றையும் காட்டினாள்.

சாமி யாரையும் தொடமாட்டார், தீட்டு. நோயாளியைப் பாயில் படுக்கவைத்து, இடுப்பிலிருந்து பாதம்வரை வெள்ளைத்துணியால் மூடுவார்கள். சாமி அதற்கு மேலே தேசிக்காயைப் பிடித்து வெட்டுவார். துணியில் சிவப்பாய்ச் சொட்டும். கூட்டம் கும்பிடும். கத்தியில் செவ்வரத்தம்பூச் சாறு பூசிக் காயவைத்தால், தேசிக்காய்ப் புளி பட்டதும் எங்கள் வீட்டுக் குசினியிலும் இந்த அற்புதம் நடக்கும்.

அம்மாவுக்கு முன்னால் மாமா போய்ப் படுத்தார். அவர் நொண்டியதை யாரும் கவனிக்கவில்லை. அங்கே நொண்டாமல் வந்தவர் யார்?

“எந்தக் கால்?” என்றார் சாமி.

“வலது கால் சாமி. முழங்காலுக்குக் கீழ ஒரு உணர்ச்சியும் இல்ல.”

“பெரிய கட்டு! ரத்தம் உறைஞ்சு கறுத்துக் கிடக்குது.” வெட்டினார். சொட்டியது. “இறங்கிட்டுது! இப்ப ரத்தம் ஓடுறது தெரியுதோ?”

“ஓம் சாமி, நல்லா ஓடுது.”

மாமா துணிக்குள் கைவிட்டு வாரைக் கழற்றினார். பொய்க்காலை எடுத்துச் சாமியின் மடியில் வைத்தார்.

“என்ர கால் மிதிவெடியில போய் எத்தினையோ வருசம். இது பிளாஸ்டிக். இதுக்குள்ள ஆரின்ர ரத்தம் உறைஞ்சு கிடந்தது?”

சாமி “தீட்டு! தீட்டு!” என்று அலறிக்கொண்டு உள்ளே ஓடிக் கதவைச் சாத்தினார்.

“பிளாஸ்டிக்குக்கும் ரத்தம் கட்டுமெண்டா, நம்மட வாளியயும் கொண்டாந்திருக்கலாமே” என்றார் ஸாலிஹா. மஹ்ரூப் காக்கா தலைகுனிந்துகொண்டார்.

அம்மா அந்தப் பொய்க்காலையே பார்த்தபடி இருந்தார். பிறகு, “தேனு, ஓட்டோவ ஆஸ்பத்திரிக்கு விடச் சொல்லு பிள்ளை” என்றார்.

டொக்டர் பெண்பிள்ளை பொறுமையாக விளக்கினார். “எல்லாம் ஒரே வருத்தம்தான் அம்மா. புத்து இருக்கிற இடத்தில சும்மா இருக்காது. ரத்தத்தை உறைய வைக்கிற பொருளுகளை விடும். மருந்தும் ரத்தக்குழாயைப் பழுதாக்கும். நீங்கள் படுத்தே கிடந்தா ஓட்டமும் குறையும். அதாலதான் காலில ரத்தம் கட்டினது. அதில ஒரு துண்டு நுரையீரலுக்குப் போயிட்டுது. இன்னும் பிந்தியிருந்தா நான் உங்களோட கதைச்சிருக்க ஏலாது.”

சாமி வேண்டாம் என்ற அதே ஊசிதான் போட்டார்கள். அம்மா இப்போது வசனத்துக்கு நடுவில் மூச்சு வாங்கி நிற்காமல் என்னோடு கதைக்கிறார்.

நேற்று அன்புவழிபுரத்துச் சித்தி எனக்குக் குரல்செய்தி அனுப்பியிருந்தார். “அவன் கள்ளன்தான் தம்பி. அப்ப வேற நல்ல சாமி ஆரையும் தெரியுமோ?”

தெரியாது சித்தி. ஆனால் எண்ணெய் தேய்க்க மட்டும் நீங்கள் வைத்திருக்கும் அந்தத் தலையை ஒருதரம் யோசிக்கவும் பாவித்துப் பாருங்கள். ஒரு தீட்டும் வராது.