கோணவண்டியும் சுண்ணாம்புக் கோடும்

செஞ்சி மலையில் இதோ உருளப்போகிறேன் என்று நிற்கும் பாறைகளைக்கூட நம்பலாம், கோணவண்டியை நம்ப முடியாது என்பார்கள் எங்கள் ஊரில். கோணவண்டி என்பது காரின் பெயர் அல்ல, ஓட்டியவரின் பெயர். வீட்டில் அவருக்கு வைத்த பெயர் அவர் மனைவிக்காவது நினைவிருந்ததா, தெரியாது.

அறுபதுகளின் நடுவில், பாலிடெக்னிக் முடித்த கையோடு, மேல்மலையனூர் பக்கம் சிறு பாலங்கள் கட்டிய ஒரு காண்ட்ராக்டரிடம் வரைபட வேலைக்குச் சேர்ந்தேன். தினமும் கோணவண்டியின் கறுப்பு வாடகைக் காரில்தான் பயணம். காரின் இடது முன்பக்கம் தாழ்ந்து, ஒரு தோள் இறங்கிய மனிதனைப்போல் நிற்கும். விட்டால் இடப்பக்கப் பள்ளத்துக்கே போகும். அதனால் அவர் ஸ்டியரிங்கை எந்நேரமும் வலப்பக்கம் இழுத்துப் பிடித்திருப்பார். அந்தப் பழக்கத்தில், இறங்கி நடக்கும்போதும் வலப்பக்கமாகவே போவார். டீக்கடைக்குப் புறப்பட்டால் பக்கத்துச் சைக்கிள் கடையில் போய்ச் சேருவார்.

ஆட்களை எடை பார்த்துத்தான் உட்காரவைப்பார். ஒல்லியான எனக்கு இடப்பக்க ஜன்னல். வேர்க்கடலை வியாபாரி நைனாருக்கு டிரைவருக்குப் பின்னால்.

"இன்னா நைனாரே, அங்க குந்திட்டீங்க? எந்திரிச்சி இப்படி வாங்க."

"நான் இன்னா ஆளாய்யா, எடைக்கல்லா?"

"ஆளுதான். ஆனா நீங்க இல்லாட்டி நாங்க எல்லாம் ஏரில கெடப்போம்."

"எங்கனா குந்த வை. பொழுது சாயறதுக்குள்ள வூடு சேத்துடு. இருட்டினா நான் சாப்ட மாட்டேன், தெரியுமில்ல?"

நைனார் சமணர். கோணவண்டியால் பாதி நாள் பட்டினியாகப் படுத்தேன் என்பார். அவர் உடம்பு அதற்குச் சாட்சி சொல்லவில்லை. கடைசியாகக் கோணவண்டி என்னைத் திரும்பிப் பார்த்து, "சரியா குந்தினியா பாப்பா?" என்பார். அதற்குப் பிறகே கார் கிளம்பும்.

ஒரு வருஷம், வண்டிகளுக்குத் தகுதிச் சான்று தரும் பிரேக் இன்ஸ்பெக்டர் மாறினார். புதியவர், ஆள் ஏற்றாமல், மைதானத்தில் போட்ட சுண்ணாம்புக் கோட்டின்மேல் ஓட்டிக் காட்டச் சொல்கிறாராம். அதுவரை பின்சீட்டில் நைனாரை வைத்தே காரியம் முடிந்திருந்தது. சான்று இல்லாவிட்டால் கார் ஓடக் கூடாது. கார் ஓடாவிட்டால் கோணவண்டிக்கு வேறு பிழைப்பு இல்லை.

"பாப்பா, நீ மிஷினு படிச்ச பொண்ணாச்சே. இதுக்கு இன்னா நோவு?"

குனிந்து பார்த்துவிட்டு, விரல் விட்டு எண்ணிச் சொன்னேன். "ஒண்ணு, தார் ரோடு ஒரு வண்டி அகலம்தான். எதுர்ல பஸ் வந்தா எறங்கறது எப்பவும் உங்க இடது சக்கரம். குழில குதிச்சி குதிச்சி அந்தப் பக்கத்து ஸ்பிரிங் பட்டை ஒடைஞ்சிருக்குது. ரெண்டு, முன்சக்கரம் ரெண்டையும் சேத்துப் புடிக்கிற கம்பி வளைஞ்சிருக்குது. அதனால ரெண்டும் ஒரே திசையப் பாக்கல. மூணு, டயரு ஓரமா தேஞ்சிருக்குது."

"நாலாவது?"

"நாலாவது ஒண்ணும் இல்லண்ணே."

இருந்தது. பட்டறையில் பட்டையை மாற்றி, கம்பியை நிமிர்த்தி, பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரத்துக்கு நூல் பிடித்துச் சக்கரங்களை நேராக்கியபோது எனக்கு அது தோன்றவில்லை.

சோதனை நாளில் மைதானத்தில் பாதி பஜார் கூடிவிட்டது. கார் முதன்முறையாக இரண்டு தோளையும் நிமிர்த்தி நின்றது. கோணவண்டி ஏறினார், கிளப்பினார், வழக்கம்போல் வலப்பக்கம் இழுத்தார். கார் கோட்டை விட்டுவிட்டு இன்ஸ்பெக்டரின் நாற்காலியை நோக்கிப் போயிற்று. அவர் எழுந்து வேப்பமரத்துக்குப் பின்னால் ஒளிந்தார். மறுமுறை கார் வேப்பமரத்தையே தேடிப் போயிற்று.

"கடைசியா ஒருவாட்டிதான்," என்றது மரத்துக்குப் பின்னாலிருந்து வந்த குரல்.

கோணவண்டி காரைத் திருப்பிக்கொண்டு மறுபடியும் கோட்டுக்கு வந்தார். மூன்று நோவைச் சொன்னது நான். நாலாவதை நைனார்தான் கத்திச் சொன்னார்.

"யோவ், கையை உட்டுடுய்யா! அது உன்னவிட ஒழுங்கா போவும்!"

கோணவண்டி கையை விட்டார். விட்ட கையை என்ன செய்வது என்று தெரியாமல் கும்பிட்டுக்கொண்டார். கண்களையும் மூடிக்கொண்டார் என்று நைனார் சத்தியம் செய்வார். கார் சுண்ணாம்புக் கோட்டின்மேல் கடைசிவரை நூல் பிடித்ததுபோல் போயிற்று.

"வண்டிக்குச் சான்று தர்றேன். நல்லவேளை, இன்னிக்கு ஓட்டறவனுக்குத் தர வேண்டியதில்லை," என்றபடி இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டார்.

அப்புறம் கோணவண்டிக்குக் கஷ்டகாலம். நேரான காரை ஓட்டத் தெரியாமல் வலப்பக்கப் புளியமரங்களுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போனார். ரோடுதான் இரக்கப்பட்டது. மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு இரண்டொரு அமாவாசைக் கூட்டத்தை ஏற்றிப் போய் வந்ததும், கார் பழையபடி தோள் இறங்கி நின்றது.

"பாப்பா, வண்டி நம்ம கைக்கு வந்துட்டுது!" என்றார், காணாமல்போன மாடு வீடு திரும்பிய மகிழ்ச்சியில்.

"திரும்பவும் சரி பண்ணணும் அண்ணே."

"அடுத்த வருசம் அந்தாளு வரட்டும். நைனாரே, எந்திரிங்க. இப்படி வாங்க."

இருபது வருஷம் கழித்து இப்போது எனக்குச் சென்னையில் வேலை. ஆபீஸ் கார் அகலமான ரோட்டில் நேராகப் போகிறது. ஆனாலும் ஏறியதும் டிரைவருக்குப் பின்னாலிருக்கும் இடத்தை விட்டுவிட்டு இடப்பக்க ஜன்னலுக்கு நகர்ந்துவிடுகிறேன். கார் கிளம்புவதற்கு முன், யாராவது திரும்பிப் பார்த்து நான் சரியாகக் குந்தினேனா என்று கேட்பார்கள் என ஒரு கணம் காத்திருக்கிறேன்.