வலது முன்சில்லில் குடியிருந்த சனி

ஹனோவருக்குத் தெற்கே, சீனிக்கிழங்கு வயல்களுக்கு நடுவில், முட்டை வடிவத்தில் ஓர் ஓட்டப்பாதை இருக்கிறது. இருபத்திரண்டு கார்கள் அதில் எண்பது சுற்று ஓடும். எல்லாக் காரும் இடப்பக்கம்தான் திரும்பும். வலப்பக்கம் திரும்ப அங்கே வளைவே கிடையாது. அதைப் பார்க்க ஜெர்மன்காரர்கள் தொத்திறைச்சியும் பியருமாக வருவார்கள். அந்த செப்டெம்பர் ஞாயிறு தமிழர்களும் வந்தார்கள். அம்மன் கோயில் இருக்கும் ஊன்ட்றொப் பக்கத்திலிருந்து மட்டும் இரண்டு பஸ். பிள்ளை குட்டி, மடிக்கதிரை, சோற்றுப் பார்சல், பூமாலை.

பூமாலை ஓட்டுநர்களுக்கு அல்ல. சில்லுச் சித்தருக்கு.

சித்தர் பெரிய தவமெல்லாம் செய்தவர் அல்லர். முன்பு அவருக்குப் பெயர் அனுஜன். கைத்தொலைபேசிக் கடை வைத்திருந்தார். கடை பூட்டிய கிழமை அவருக்கு ஞானம் பிறந்தது. கார்ச் சில்லுகளில், அதாவது சக்கரங்களில், சனீஸ்வரன் ஏறி உட்காருவது அன்றிலிருந்து அவருடைய உள்ளங்கைக்குத் தெரியத் தொடங்கியது. கடை நன்றாக ஓடியிருந்தால் சனி யாருக்கும் தெரியாமலே போயிருப்பான்.

அற்புதம் இப்படி நடக்கும். பந்தயத்துக்கு முன் சித்தர் கண்ணை மூடிக்கொண்டு காரை மூன்று தரம் சுற்றிவருவார். ஒவ்வொரு சில்லுக்கு மேலும் கையைப் பிடிப்பார். வலது முன்சில்லுக்கு வந்ததும் கை வெடவெடவென்று நடுங்கும். "சனி இஞ்சதான் குந்தியிருக்கிறான்!" என்று கத்துவார். அந்தச் சில்லில் கறுப்பு நூல் கட்டுவார். பந்தயம் முடிந்ததும் நாலு ரயரையும் கழற்றி வரிசையாக வைப்பார்கள். மூன்று ரயர் ஒழுங்காக நிற்கும். வலது முன்ரயர் மட்டும் நாய் குதறிய செருப்பாகக் கிடக்கும். சனம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். ஐந்து பந்தயம், ஐந்து தரமும் பிசகவில்லை.

சித்தரிடம் மதபேதமும் இல்லை. சைவக்காரருக்குத் திருநீற்றைப் பூசுவார். மன்னார்க் கத்தோலிக்கருக்கு அதே திருநீற்றால் நெற்றியில் சிலுவை கீறுவார். ஜெர்மன்காரர் வந்தால் சக்தியை அவர்கள் மொழியில் "எனெர்கீ" என்பார். அவர்களும் கையை நீட்டுவார்கள். "மாதாவிட்டயும் சொல்லிப்போட்டுத்தான் வந்தனான்" என்று மன்னார்க்காரி கொறற்றி அக்கா வரிசையில் முதலாவதாக நின்றாள். தன்னுடைய ஓப்பல் காருக்கும் நாலு நூல் வேண்டுமாம். பிறேக் போட்டால் கீச்சிடுகிறதாம்.

இத்தனைக்கும் தொடக்கம் தம்பித்துரையின் கார். ஹனோவரில் மளிகைக்கடை வைத்திருந்த தம்பித்துரைக்கு ஒரே மகன், சாருஜன். அவனுக்காகத்தான் அவர் காரை வாங்கி, ஆட்களைச் சேர்த்து, முன்மூடியில் கடைப் பெயரையும் எழுதி இந்தப் பந்தயத்துக்குள் வந்தார். வந்தாரே தவிர, ஒருநாளாவது ஓட்டத்தை முழுதாகப் பார்த்ததில்லை. மகன் மூன்றாம் வளைவுக்கு வரும்போதெல்லாம் அவர் அணியின் சாமான் கொண்டெய்னருக்குப் பின்னால் போய் நிற்பார். கார் கடந்துபோன சத்தம் கேட்டபின்தான் வெளியே வருவார். அந்தப் பயத்துக்கு அதுவரை விலாசம் இருக்கவில்லை. சித்தர் விலாசம் கொடுத்தார்: முன்பக்கம், வலது. அன்றைக்குத்தான் தம்பித்துரை பல மாதத்துக்குப் பிறகு நிம்மதியாக நித்திரை கொண்டார்.

அந்த ஞாயிறு காலை சித்தர் கராஜுக்கு வந்து புதிதாக ஒரு கட்டளை போட்டுவிட்டுப் போனார்.

"இண்டைக்கு நான் கட்டிற நூல் கடைசிச் சுற்று வரைக்கும் அவிழப்படாது. இடையில சில்லைக் கழட்டினா, சனி சில்லை விட்டிட்டு ஓட்டுறவனைப் பிடிப்பான்."

காரணம் இருந்தது. போன பந்தயத்தில் வழக்கத்தைவிட முந்தியே ரயரை மாற்றிவிட்டார்கள். கழற்றிய ரயர் போதிய கோரமாக இல்லை. காணொளி பார்த்த பக்தர்கள் "இவ்வளவுதானோ?" என்று கேட்டிருந்தார்கள். அற்புதத்தின் தரம் இறங்கினால் சித்தரின் தரமும் இறங்கும் அல்லவா?

கட்டளையைக் கேட்ட அஞ்சலா கையிலிருந்த சில்லுக் கழற்றும் சாவியைக் கீழே வைத்தாள். லைப்சிக்கில் படித்து, அங்கேயே தொழிலும் பழகியவள். அந்த அணியில் சில்லும் ரயரும் அவளுடைய பொறுப்பு.

"அண்ணை, வலது முன்ரயர் நாப்பது சுற்றுக்கு மேல தாங்காது. மாத்தாமல் விட்டால் மூண்டாம் வளைவில வெடிக்கும். அங்கால சுவர்."

"பிள்ளை, அவர் அஞ்சு தரமும் சரியாச் சொன்னவர்," என்றார் தம்பித்துரை.

"நானுந்தான் ஒவ்வொரு தரமும் சொல்லுறன். என்னை ஒருத்தரும் கும்பிடேல்லையே."

தம்பித்துரையின் மனைவி கமலநாயகி குறுக்கே வந்தாள். அவளுடைய மணிக்கட்டிலும் கறுப்பு நூல். "இஞ்சருங்கோ, சாமி சொன்னதை மீறிப் பிள்ளைக்கு ஒண்டு நடந்தால் ஆர் பதில் சொல்லுறது?"

"மீறாமல் நடந்தால் ஆர் பதில் சொல்லுறது அம்மா?" என்றான் சாருஜன். தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "ரயர் விசயத்தில எனக்கு அஞ்சலா அக்கா சொல்லுறதுதான்."

தம்பித்துரை மகனைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். பயந்தவர்கள் எப்போதும் செய்வதைச் செய்தார்.

"நூல் இருக்கட்டும். சில்லைக் கழட்ட வேண்டாம்."

சாருஜன் எழுந்து வெளியே போனான். கமலநாயகி பின்னால் ஓடினாள்.

அஞ்சலா கோபப்படவில்லை. "சரி அண்ணை, நீங்கள் முதலாளி. ஒரு கேள்வி மட்டும். சாமி சனியைக் கண்ணால பாக்கிறவரோ, கையாலயோ?"

"கையால. கண்ணை மூடிக்கொண்டெல்லோ பாக்கிறவர்."

"அப்ப ரயரை மூடி வைச்சாலும் அவருக்குத் தெரியும்?"

"ஓம். தெரியும்."

அவள் கதவை இழுத்துச் சாத்தினாள். மூலையில் ஒரு சில்லு கிடந்தது. நேற்றைய பயிற்சி ஓட்டத்தில் சித்தர் நூல் கட்டிய வலது முன்சில்லு. ரயர் கந்தலாகியிருந்தது. 'முழுச் சனியும் இதுக்குள்ளதான், ஒருத்தரும் தொடாதேங்கோ' என்று சித்தரே சொல்லிவிட்டுப் போயிருந்தார். நூல் அப்படியே இருந்தது.

"இதை இடது பின்பக்கத்தில பூட்டுவம். வலது முன்பக்கத்துக்குப் புது ரயர். நாலையும் பையால மூடுவம். உங்கட கையாலயே பூட்டுங்கோ. பிறகு நான் ஏதோ சுத்துமாத்துச் செய்தனான் எண்டு வரக்கூடாது. சாமி சரியான சில்லைச் சொன்னால் நான் வாயே திறக்கமாட்டன். கடைசி வரைக்கும் நூல் இருக்கட்டும்."

தம்பித்துரை உடனே சம்மதித்தார். சித்தர் கண்டுபிடித்துவிடுவார், இந்தப் பிள்ளையின் வாயும் அடங்கும் என்று நினைத்தார். சனிச் சில்லைத் தூக்கும்போது மட்டும் "சிவசிவா" என்றார். ஒன்றும் நடக்கவில்லை. கையில் கரி ஒட்டியது, அவ்வளவுதான். நாலு சில்லுக்கும் கறுப்புக் குப்பைப் பை மாட்டினார்கள்.

பதினொரு மணிக்குச் சித்தர் வந்தார். முன்னால் காணொளி எடுப்பவன், பின்னால் சனக்கூட்டம்.

"ஏன் மூடி வைச்சிருக்கு?"

"தூசி, சாமி," என்றாள் அஞ்சலா. "பை போட்டால் சனி தெரியாதோ?"

சித்தர் கமராவைப் பார்த்துச் சிரித்தார். "கொங்கிறீற் சுவரே சனிக்குத் தடையில்லை. பிளாஸ்ரிக் பையோ தடை?"

சனம் கைதட்டியது. சித்தர் கண்ணை மூடினார், சுற்றத் தொடங்கினார். இடது பின்சில்லை, அடுக்குமாடியில் முகம் தெரியாத அயலவரைக் கடப்பதுபோலக் கடந்துபோனார். முதல் சுற்றுத்தானே என்று தம்பித்துரை தன்னைத் தேற்றிக்கொண்டார். இரண்டாம் சுற்றிலும் அப்படியே. மூன்றாம் சுற்றில் சித்தர் வலது முன்பக்கத்துக்கு வந்தார். கை வெடவெடத்தது.

"அதே சனி! நேற்றுப் பிடிச்ச அதே சனி! ரப்பரைப் பாதி திண்டுபோட்டான்!"

"அரோகரா!" என்றது ஒரு பக்கம். "யேசுவே!" என்றாள் கொறற்றி அக்கா.

அஞ்சலா அசையவில்லை. தம்பித்துரைதான் போனார். வலது முன்சில்லின் பையை இழுத்தார். ரயரில் தொழிற்சாலை ஒட்டிய கடதாசிகூட உரியாமல் இருந்தது.

"சாமி, இது இன்னும் ஒரு அடிகூட ஓடேல்லை. நான்தான் இப்ப பூட்டினனான்."

பின்பக்கம் போய் மற்றப் பையையும் இழுத்தார். கந்தல் ரயர் தெரிந்தது. கறுப்பு நூல் தொங்கியது.

"நீங்கள் நேற்றுப் பிடிச்ச சனி இது. மூண்டு தரம் பக்கத்தால போனனீங்கள்."

காணொளி எடுப்பவன் கமராவை நிறுத்த மறந்துபோனான். சித்தர் மூன்று விநாடி யோசித்தார்.

"சனி இடம் மாறுவான்," என்றார்.

அட, அதுதானே! சனத்துக்கு உயிர் வந்தது. தலைகள் ஆடின. கண்ணால் கண்டதை மறக்க அவர்களுக்கு ஒரு வசனம் தேவைப்பட்டது. கிடைத்துவிட்டது.

"சரி, மாறுவான்," என்றாள் அஞ்சலா. "எல்லாரும் என்னோட ஒருக்கா வாங்கோ."

கராஜுகளுக்குப் பின்னால் நேற்றைய பழைய ரயர்கள் அணி அணியாக அடுக்கிக் கிடந்தன. எந்த இடத்துச் சில்லு என்று ஒவ்வொன்றிலும் சோக்குக்கட்டியால் எழுதியிருந்தது. வலது முன்பக்கம் என்று எழுதியவற்றை அவள் ஒவ்வொன்றாக உருட்டிக் காட்டினாள். ஒன்றுவிடாமல் எல்லாம் கந்தல்.

"மற்ற இருபத்தொரு அணிக்கும் சனியோ? இது பின்லாந்துக்காரன்ர. அவனுக்கு ஆர் சாதகம் பாத்தது?" அவள் கொறற்றி அக்காவின் பக்கம் திரும்பினாள். "அக்கா, பஸ் இடப்பக்கம் திரும்பினால் நீங்கள் எந்தப் பக்கம் சாயிறனீங்கள்?"

"வலப்பக்கம்."

"இந்தக் கார் எண்பது சுற்றும் இடப்பக்கம்தான் திரும்புது. பாரம் முழுக்க வலது முன்சில்லிலதான் விழும். அது தேயாமல் வேற எது தேயும்?"

"அப்ப சனி?"

"சனியில்லை அக்கா. சாய்வு."

யாரோ சிரித்தார்கள். யாரோ நூலுக்குக் கொடுத்த காணிக்கையைத் திருப்பிக் கேட்டார்கள். கொடுத்த எனெர்கீயைத் திருப்பி எடுக்க ஏலாது என்றார் சித்தர். வேறிடத்தில் ஒருவரைச் சந்திக்க அவசரமாக ஒரு ரெர்மின் இருப்பதும் அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவருடைய வான் வண்டியின் சில்லுகளை ஒருவன் குனிந்து பார்த்தான். ஒன்றிலும் நூல் இல்லை. நாலும் புது ரயர். வாசலில் வான் வேகமாக இடப்பக்கம் திரும்பியது. சித்தர் வலப்பக்கம் சாய்ந்தது எல்லோருக்கும் தெரிந்தது.

இடது பின்பக்கத்துக்கும் நல்ல ரயர் பூட்டினார்கள். பந்தயம் தொடங்கியது. தம்பித்துரை கொண்டெய்னருக்குப் பின்னால் போகவில்லை. பயம் முன்புபோலவே இருந்தது. ஆனாலும் நின்று பார்த்தார். முப்பத்தொன்பதாவது சுற்றில் அஞ்சலா கூப்பிட, சாருஜன் உள்ளே வந்தான். வலது முன்சில்லைக் கழற்றி அவருடைய காலடிக்கு உருட்டிவிட்டார்கள். கார் திரும்பவும் பாய்ந்துபோனது.

காலையில் கடதாசி உரியாமல் இருந்த ரயர். ரப்பர் போய், உள்ளே இருந்த துணி இழை தெரிந்தது. தடவிப் பார்த்தார். ஒரு கம்பி விரலில் குத்தியது.

"இது இன்னும் எத்தினை சுற்று ஓடியிருக்கும் பிள்ளை?"

"ரெண்டு. கூடினால் மூண்டு."

சில்லைக் கழட்ட வேண்டாம் என்று காலையில் சொன்ன வாய் அவருடையதுதான். தம்பித்துரை நிலத்தில் குந்தினார். பக்கத்தில் நின்ற கமலநாயகி அந்த ரயரை வெகுநேரம் பார்த்தாள். பிறகு மணிக்கட்டு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

சாருஜன் ஏழாவதாக வந்தான். இறங்கியதும் எஞ்சினைக் குறை சொன்னான். தம்பித்துரை அவனை எல்லோர் முன்னாலும் கட்டிப்பிடித்தார். "அப்பா, ஏழாவதுதான்," என்று அவன் கூச்சப்பட்டான்.

கதை இங்கே நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால் சனம் இன்னும் வீட்டுக்குப் போகவில்லை. அஞ்சலா கை கழுவிவிட்டு வந்தபோது கராஜ் வாசலில் ஒரு வரிசை நின்றது. சித்தருக்குக் கொண்டுவந்த பூமாலை, பாவம், வீணாகப் போகலாமா? முதலாவதாகக் கொறற்றி அக்கா.

"பிள்ளை, உன்ர கை சரியான ராசிக்கை. என்ர ஓப்பலை ஒருக்காத் தொட்டுவிடு."

அஞ்சலா மாலையை வாங்கவில்லை. "பிறேக் கட்டை தேஞ்சிருக்கும். நாளைக்கே கராஜில குடுத்து மாத்துங்கோ."

"அது மாத்தலாம். நீ முதல் ஒருக்காத் தொடு பிள்ளை."

அஞ்சலா அந்த நீளமான வரிசையைக் கடைசி ஆள் வரை பார்த்தாள்.

"ரயர் ஓட ஓடத் தேயும் அக்கா," என்றாள். "மூளை ஓடாமல் கிடந்தால்தான் தேயும்."