லெப்டினன்ட் எங்கள் கட்டடத்துக்கு வந்த விதம்

மாட்டுங்கா, திங்கள்கிழமை

சிரஞ்சீவி மகாதேவனுக்கு,

உன் அத்திம்பேர் வேங்கடசுப்ரமணியன் சகல ஆசிகளுடன் எழுதுவது. முழங்கால் நீங்கலாக உன் அக்கா பாகீரதி க்ஷேமம். என் போனை அவள் பார்ப்பதால் காகிதத்தில் எழுதுகிறேன்.

கட்டடத்து லிஃப்ட் நின்றதிலிருந்து அவள் நான்காம் மாடியை விட்டு இறங்கவில்லை. கோபம் மட்டும் தினமும் என் காப்பியில் இறங்கியது. "வருஷக்கணக்கா செக்ரட்டரியா இருக்கற நம்பிராஜனைக் கேக்க ஒரு ஆள் இல்லையா?" என்றாள். ஆகவே கட்டட சொசைட்டி தேர்தலில் செக்ரட்டரி பதவிக்கு அவரை எதிர்த்து நின்றேன். பேச விஷயம் வேண்டுமே! நடைபாதையில் வாங்கிய பழைய புத்தகம் ஒன்றில் ஹால்வோர்சன் என்ற நார்வேக்காரர் கிடைத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் லெப்டினன்டாகச் சேர்ந்து, ஒரு போரும் வாய்க்காமல் பதவி உயர்வு மட்டும் பெற்று, பட்டாளத்தை விட்டு, மூன்று தேர்தலில் நின்று ஜெயித்துப் பாராளுமன்றம் போய் மந்திரியானவர். வெடிச் சத்தமே கேட்காமல் இத்தனை உயரம் போனவரைவிடச் சிறந்த முன்னோடி எனக்கு யார்?

"நமக்கு வேண்டியது ஒரு லெப்டினன்ட்!" என்று தொடங்கினேன். மைக் கரகரத்ததில் முன்வரிசை பிரபாவதி மாமிக்கு 'லெப்டினன்ட்' என்ற சொல்லின் முதல் பாதிதான் கேட்டிருக்கிறது, அதுவும் 'லிஃப்ட்' என்று. எனக்கு அது தெரியாது.

"மேலே போச்சா?" என்றார்.

"போய்ண்டே இருந்தார், மாமி!"

லிஃப்டுக்கே இவ்வளவு மரியாதையா என்று மாமி உருகிவிட்டாராம். "நடுவுல நிக்கலையே?"

"மூணு தரம் நின்னார்."

"அய்யோ! அப்பறம்?"

"மூணு தரமும் ஜனங்கதான் தூக்கிவிட்டா!"

"நம்மளோடதுக்கு இது எவ்வளவோ தேவலை!" என்று மூன்றாம் மாடி பஞ்சு பின்வரிசையிலிருந்து கத்த, கைதட்டல் அடங்கவில்லை. ஜெயித்துவிட்டேன். மறுநாள் காலையிலிருந்து வருகிறவர் போகிறவரெல்லாம் "லிஃப்ட் எப்போ?" என்கிறார்கள். நான் சொன்னது லெப்டினன்ட் என்று பாகீரதியிடம் விளக்கினேன். "லெப்டினன்டோ கிப்டினன்டோ, வெள்ளிக்கிழமை நான் கோயிலுக்குப் போயாகணும்!" என்றாள்.

கொடுக்காத வாக்கைக் காப்பாற்றும் வழி புத்தகத்தில் இல்லை. கடைசிப் பக்கங்கள் வேறு கிழிந்துபோயிருக்கின்றன. ராஜினாமா எழுதிவிட்டேன். இனி ஆயுசுக்கும் பதவி என்ற பேச்சே இல்லை. வியாழனன்று பெட்டியுடன் செம்பூருக்கு உன் வீட்டுக்கு வருகிறேன், அக்காவிடம் மூச்சு விடாதே. குழந்தை மானசா தீர்க்காயுசாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அத்திம்பேர்

பின்குறிப்பு: பொறுப்பை இன்னும் ஒப்படைக்காத நம்பிராஜனிடம் ராஜினாமாவைக் கொடுக்கப் போனபோது, தோற்ற கோபத்தில் அவர் சாவிக்கொத்தை என்மேல் வீசினார். அதில் மொட்டைமாடி மெஷின் ரூம் சாவி இருந்தது. திறந்து பார்த்தேன். மெயின் சுவிட்ச் அணைந்திருந்தது. போட்டேன், ஓடுகிறது. (நம்பிராஜன் குடியிருப்பது தரைத்தளம்.) ராஜினாமா கிழிந்தது, பெட்டி வராது. ஆனால் வெள்ளிக்கிழமைக்குக் காத்திராமல் லிஃப்டில் இறங்கிய உன் அக்கா கோயிலோடு நிற்காமல் உன் வீட்டுக்கே டாக்சி பிடித்துவிட்டாள். இந்தக் கடிதத்துக்கு முன்னால் வந்து சேர்ந்திருப்பாள். வரும் வார்டு தேர்தலிலும் நிற்கிறேன் என்று அவளிடம் சொல். மாமியிடம் நானே சொல்லிவிட்டேன். "அய்யோ, மறுபடியும் நிக்கறேளா?" என்று லிஃப்டை விட்டுவிட்டுப் படியேறிப் போய்விட்டார்.