கொக்குகளுக்கு நான் போட்ட திட்டம்

படித்த முட்டாள் என்று ஒரு வகை உண்டு. அதில் நான் முதல் வகுப்பில் தேறியவன் என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

விருத்தாசலம், திட்டக்குடி வட்டாரத்தில் அழிந்துவரும் இயற்கையை மீட்க ஒரு திட்டம் எழுத வேண்டும். அதுதான் என் முதல் வேலை. பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிய நாளிலிருந்து வீட்டில் யாரோடும் நான் சாதாரணத் தமிழில் பேசவில்லை. வாயைத் திறந்தால் ‘வாழிடம்’, ‘உயிர்ச்சூழல்’தான். (அந்த வாய்க்கும் அண்ணி சோறு போட்டார்.)

செராமிக் பட்டறைகளுக்குப் பின்னால், களிமண் வெட்டிய பெரிய பள்ளத்தில் தண்ணீர் தேங்கிக் கிடக்கும். ஒரு நண்பகலில் போனேன். எதிர்க்கரையில் கொக்குகள், வரிசை வரிசையாக. சுற்றிப் போனால் புது ஷூ சேறாகும் என்று இக்கரைக் கோரையோரம் நின்றே, பைனாகுலரில் வெயில் கூசக் கூச எண்ணினேன். அவற்றின் நடுவே பட்டறைப் பெண்கள் புகுந்து நடந்தும் ஒன்றுகூடப் பறக்கவில்லை. மூளையுள்ளவனுக்கு இங்கே சந்தேகம் வந்திருக்கும். எனக்குப் புல்லரித்தது. ‘மனிதருக்கு அஞ்சாத அபூர்வக் கூட்டம்’ என்று எழுதி, அந்தக் கரையில் ஆள் நடமாட்டத்தையே தடைசெய்யப் பரிந்துரைத்தேன்.

கருத்துக் கேட்கும் கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. அதிகாரிகள் முன்னால் குரலை ஏற்றி இறக்கி வாசித்தேன். பட்டறைப் பெண்கள் எழுந்து வந்தார்கள். முன்னால் அண்ணி. அவர் பொம்மை வார்ப்பது எனக்குத் தெரியும். எங்கே காயவைக்கிறார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. பையிலிருந்து ஒரு வெள்ளைக் கொக்கை எடுத்து மேசையில் வைத்தார். சுடாத மண்.

“தம்பி, நீங்க எண்ணுனது இதத்தான். சூளையில வெக்கிறதுக்கு முன்னாடி காய வச்சிருந்தோம். அங்க யாரும் வரக்கூடாதுன்னு எழுதிட்டீங்களே, நாங்க எங்க போயி காய வெக்கிறது?”

மண்டபமே சிரித்தது. செத்துவிடலாம் போலிருந்தது. அப்படியென்றால் அங்கே பறவையே இல்லை, பள்ளத்தைத் தூர்த்துவிடலாமே என்றார் ஓர் அதிகாரி. அதையும் அண்ணிதான் மறித்தார்.

“மடையானுங்க இருக்குதுங்க சார், மண்ணு நெறத்துக் கொக்கு. இந்தாண்ட கோரையில பதுங்கி நின்னு மீன் புடிக்கும். தம்பி நின்னாருல்ல, அவரு காலுக்குப் பக்கத்துலதான்.”

திட்டத்தைத் திருத்தி எழுதினேன். கரை பெண்களுக்கு, கோரை மடையான்களுக்கு. இரண்டையும் காட்டியவர் அண்ணி. கையெழுத்து மட்டும் என்னுடையது.

பிறகு ஸ்ரீமுஷ்ணத்தில் எனக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் அம்மாவிடம் அண்ணி பணிவாகச் சொன்னார்: “பொண்ண கொஞ்சம் கிட்ட ஒக்கார வைங்க. தூரத்துலேர்ந்து பாத்தா எங்க தம்பி எதையும் நம்பிடுவாரு.”

காரணம் கேட்டு, முழுக் கதையும் கேட்டு, அதன் பிறகுதான் பெண் சம்மதித்தாள். இன்றுவரை வீட்டுக்கு வருகிறவர்களுக்கு முதலில் இந்தக் கதை, அப்புறம்தான் காப்பி.